மலையும் மலைவாணரும்

ஒடிசா மாநிலத்தின் தென்மேற்கில் இராயகடா, களஹாண்டி மாவட்டங்களிற் பரந்து கிடப்பது நியமகிரி என்னும் மலைத்தொடர். அங்கு வாழ்வோர் டோங்கிரியா கோந்து என்னும் பழங்குடியினர்; தொகையால் சில ஆயிரவரே. அவர் பேசும் குவி மொழி திராவிட மொழிகளுள் ஒன்றாதலின், நமக்கு அவர் முற்றும் அயலார் அல்லர். சரிவுகளிற் சிறுதானியங்களும் மஞ்சளும் இஞ்சியும் அன்னாசியும் விளைவிக்கும் இவர்கள், மலையுச்சிக் காட்டை மட்டும் வெட்டுவதில்லை. அது தம் இறைவனாகிய நியமராசனின் இருக்கை என்பது அவர்தம் நம்பிக்கை.

அவ்வுச்சியிலேதான் அலுமினியத்தின் மூலப்பொருளாகிய பாக்சைட்டு படிந்துள்ளது. மழைநீரை உள்வாங்கி, ஓடைகளிற் சிறிது சிறிதாகக் கசியவிடுவதும் அப்படிவமே. அதனை அகழும் உரிமை கைக்கு வருமுன்னரே, அடிவாரத்து லாஞ்சிகரில் ஆலை எழுந்துவிட்டது. பெண்ணைக் கேளாமுன் மணப்பந்தலிட்ட கதை இது.

‘நாட்டின் நலங்கருதிச் சிலர் இழத்தல் முறைதானே?’ என்பார் உளர். இக்கூற்றை எளிதில் தள்ளிவிட இயலாது. நம் வீட்டுப் பாத்திரமும் மின்கம்பியும் எங்கோ ஒரு நிலத்தை அகழ்ந்து பெற்றவையே. ஆயினும் மனமுவந்து கொடுப்பதன்றோ கொடை? கேளாது எடுப்பதற்கு வேறு பெயருண்டு. மேலும், இழப்பவர் ஒருசாராரும் பெறுபவர் மற்றொருசாராருமாக இருக்குமிடத்து, ‘நாடு’ என்னும் சொல்லுள் அம்மலைவாணர் அடங்குவரா என்று நாம் வினவுதல் வேண்டும்.

அவ்வினாவிற்கு, 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தைத் துணைக்கொண்டு, 2013 ஏப்ரல் 18-இல் உச்சநீதிமன்றம் விடையளித்தது. சுரங்கத்தால் தம் வழிபாட்டுரிமையும் பிற உரிமைகளும் கெடுமா என்பதனைக் கிராம சபைகளே ஆராய்ந்துரைக்க என அது பணித்தது. நூற்றுக்கு மேற்பட்ட ஊர்களுள் மாநில அரசு தேர்ந்தவை 12 மட்டுமே. இது குறையெனவே யான் கருதுவேன். எனினும் நீதித்துறை அலுவலர் முன்னிலையிற் சபைகள் கூடின. ஆடவரும் பெண்டிரும் தத்தம் மொழியிலே பேசினர். பன்னிரண்டு ஊரும் ஒருமுகமாக மறுத்தன. 2014-இல் மத்திய அரசும் இசைவு மறுத்தது. மீண்டும் சபைகளைக் கூட்ட வேண்டுமென மாநிலச் சுரங்கக் கழகம் வேண்டியதை 2016-இல் உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை.

லாஞ்சிகர் ஆலையோ மூடப்படவில்லை. அதற்கு வேண்டிய பாக்சைட்டு வேறிடங்களிலிருந்து வந்தது. அவ்விடங்களிலும் இவ்வாறு ஊர் கூட்டிக் கேட்டனரா என்னும் ஐயம் என் நெஞ்சை விட்டு அகலவில்லை.