தலைப்பாகையை நகலெடுத்தால் தப்பா?

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தலும் வெயிலில் கருத்த முகங்களும் இருக்க, மறுமலர்ச்சிக் கால ஐரோப்பியரைப் பார்த்து வரைவது அடிமைப் புத்தி என்கிறார்கள் தேனிப் பக்கத்து ஓவிய நண்பர்கள் சிலர். கேட்க வீராப்பாக இருக்கிறது, வேலைக்கு உதவாது.

யான் வான் ஐக் 1433இல் வரைந்த சிவப்புத் தலைப்பாகை மனிதர் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறார். சட்டத்தை விட்டால் ஓர் அடி உயரம்கூட இல்லாத ஓக் பலகை. அதை நகலெடுப்பவர் வெள்ளைக்காரர் மூக்கையா கற்கிறார்? வெளுத்த அடித்தளம் மெல்லிய எண்ணெய்ப் பூச்சுகளுக்குள்ளிருந்து எப்படி ஒளிர்கிறது, கன்னத்தின் விளிம்பு நிழலில் எங்கே கரைகிறது, மேற்பூச்சைவிட அடிப்பூச்சில் எண்ணெய் கூடினால் படம் ஏன் வெடிக்கிறது என்பதையெல்லாம் கை பழகிக்கொள்கிறது. சின்னமனூர் வயலில் துண்டைத் தலையில் சுற்றி நிற்பவர் இதைச் சொல்லித்தர மாட்டார். அவ்வளவு நேரம் அசையாமல் நிற்கவும் மாட்டார், அவருக்கு நடவு இருக்கிறது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வான் ஐக்கின் சதை நிறத்தை அப்படியே கொண்டுவந்தால் கூடலூர்க்காரர் முகத்தில் சுண்ணாம்பு அடித்ததுபோல ஆகிவிடும். வெள்ளையைக் குறைத்து, காவியும் அம்பரும் கூட்டி, ஆளை எதிரே உட்காரவைத்துத்தான் அதைச் சரிசெய்ய வேண்டும்.

1868இல் திருவனந்தபுரம் வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன், ரவி வர்மாவுக்குக் கற்றுத்தர மறுத்தார். தான் வரைவதைப் பார்க்க மட்டும் விட்டார். அந்த ஐரோப்பியக் கையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டவர் வரைந்த லட்சுமிதான் நம் பூஜையறைகளுக்கு வந்தாள்.

நகலை வெறுக்கும் இதே நண்பர்கள், செல்போன் படத்தின்மேல் கட்டம் போட்டு அரசியல்வாதி முகத்தைக் கித்தானுக்கு ஏற்றுகிறார்களே, அதற்கு என்ன பேர் வைத்திருக்கிறார்கள்?