உபகாரமா? உரிமையா?

உயர்ந்த கல்லூரியில் இடம் பெற்ற ஏழைப் பிள்ளைக்குக் கொடுக்கும் பணத்திற்கு "உபகாரச் சம்பளம்" என்று பெயர் வைத்தார்கள். பெயரிலேயே சூது இருக்கிறது. உபகாரம் என்றால் கொடுப்பவன் பெரியவன், வாங்குபவன் கைகட்டி நிற்க வேண்டியவன் என்பதல்லவா பொருள்? இதனாலேயே நம் தஞ்சைச் சீமையில் பல பெற்றோர்கள், விண்ணப்பம் போடுவதே கௌரவக் குறைவு என்று கூசுகிறார்கள்.

நாம் கேட்கிறோம்: மராத்திய அரசர்கள் இங்கே வைத்த சத்திரங்களுக்கு மானிய நிலங்கள் இருந்தன. அந்த நிலங்களில் சேற்றில் இறங்கி நட்டவன் யார்? அந்த நெல்லைத் தின்று வேதம் படித்தவர்கள், இலவசச் சோறென்று ஒரு நாளாவது வெட்கப்பட்டதுண்டா? 1920-களில் தஞ்சை ஜில்லா போர்டுத் தலைவராயிருந்த ஏ.டி.பன்னீர்செல்வம் அவர்கள் ஒரத்தநாடு, இராசாமடம் சத்திரங்களில் பார்ப்பனரல்லாத பிள்ளைகள் தங்கிப் படிக்க வழி செய்தார். அது தருமமல்ல, ஊரார் சொத்தை ஊராருக்குத் திருப்பியது.

இன்றோ சத்திரத்துக் கதவுக்குப் பதில் பணக்கதவு நிற்கிறது. 2016-ல் ஐ.ஐ.டி. படிப்புச் சம்பளம் ஆண்டுக்கு 90 ஆயிரத்திலிருந்து 2 லட்சமாக ஏறிற்று. தாழ்த்தப்பட்டவர், பழங்குடியினர், ஆண்டு வருமானம் ஒரு லட்சத்திற்குட்பட்ட குடும்பத்தார் ஆகியோருக்குச் சம்பளம் முழுதும் தள்ளுபடி என்றார்கள். நல்லது. ஆனால் 2024-ல் நடந்ததென்ன? உத்தரப்பிரதேசத்துக் கூலித் தொழிலாளி ஒருவரின் தலித் மகன் தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் பெற்றும், முன்பணம் 17,500 ரூபாயை நேரத்திற்குள் கட்ட முடியாமல் இடத்தை இழந்தான். செப்டம்பர் 30-ல் சுப்ரீம் கோர்ட்டே தலையிட்டு இடம் வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று. கோர்ட்டுப் படியேற வழியில்லாத பிள்ளைகள் எத்தனை பேரோ?

இன்னொரு நியாயத்தைப் பாருங்கள். 2019-ல் முன்னேறிய ஜாதியாருக்கு 10 சதவிகிதம் ஒதுக்கியபோது, ஆண்டு வருமானம் 8 லட்சத்திற்குக் குறைந்தவரெல்லாம் ஏழை என்றது மத்திய சர்க்கார். தாழ்த்தப்பட்ட மாணவனின் உதவித்தொகைக்கு 2021-ல் அதே சர்க்கார் வகுத்த விதியோ, இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் அவன் ஏழையல்ல என்கிறது! ஒன்று இடம், மற்றொன்று பணம் என்று சமாதானம் சொல்லலாம். வறுமைக்கும் வருணாசிரமம் உண்டா என்பதே நம் கேள்வி.

தோழர்களே! கேள்வி கேட்டால் மட்டும் போதாது, காரியமும் வேண்டும். பரீட்சை முடிவு வரும்வரை காத்திராமல் ஜாதி, வருமானம், முதல் பட்டதாரிச் சான்றுகளை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வையுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து, 7.5 சதவிகித ஒதுக்கீட்டில் பொறியியல் சேரும் பிள்ளைக்குப் படிப்பு, விடுதிக் கட்டணங்களைத் தமிழ்நாட்டு அரசே ஏற்கிறது என்பதைப் பக்கத்து வீட்டாருக்கும் சொல்லுங்கள். உதவித்தொகை பின்னால் வரும், முன்பணம் முன்னால் கேட்பார்கள். ஆகவே திவசத்திற்கும் ஜாதகத்திற்கும் செலவிடும் பணத்தை ஊர்தோறும் ஒரு படிப்பு நிதியாகச் சேர்த்து வையுங்கள்.

பிச்சை கேட்பவன்தான் வெட்கப்பட வேண்டும். நம் பிள்ளைகள் கேட்பது பாக்கி. பாக்கியைக் கேட்கிறவன் தலைநிமிர்ந்தே கேட்கலாம்.