"மான் என்று நினைத்தேன்" என்பது ஒரு பதிலா?

செய்தி மேசையில் நீண்ட காலத்தைக் கழித்தவன் என்ற வகையில் சில வாக்கியங்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் உண்டாகும். "துவக்கு வெடித்ததில் ஒருவர் பலி" என்பது அவற்றுள் ஒன்று. பெரும்பாலான வேளைகளில் துவக்கு தானாக வெடிப்பதில்லை. யாரோ ஒருவர் அதை வெடிக்க வைக்கிறார். எழுவாயை மறைத்துவிட்டு வினையை மட்டும் அச்சிடுவது இலக்கணப் பிழை அன்று. அது நீதிப் பிழை. "மான் என நினைத்துச் சுட்டதில் பெண் உயிரிழப்பு" என்பது இன்னொன்று. இந்த வாக்கியத்தில் கொன்றவரின் நினைப்புக்கு இடம் இருக்கிறது. இறந்தவர் அப்போது என்ன நினைத்துக்கொண்டு எங்கே நடந்தார் என்பதற்கு இடம் இல்லை.

ஆண்டுதோறும் ஒக்ரோபர், நவம்பர் மாதங்களில் வட அமெரிக்காவிலிருந்து இவ்வகைச் செய்திகள் வந்துகொண்டிருக்கின்றன. அங்கே இலையுதிர் காலம் மான் வேட்டைப் பருவம். வெண்வால் மான்களின் இனச்சேர்க்கைக் காலமும் அதுவே. பென்சில்வேனியா மாநிலத்தில் பருவம் தொடங்கும் வேளையில் பல பாடசாலைகள் விடுமுறை விடுவது நெடுநாள் வழக்கம். வேட்டை என்பது அந்தக் கிராமங்களுக்கு உணவு, பொழுதுபோக்கு, குடும்ப மரபு எல்லாமும்தான். நான் அதனை இகழ வரவில்லை. பெருகிய மான்கள் பயிரைத் தின்பதும், தெருவில் குறுக்கே பாய்ந்து விபத்துகளை உண்டாக்குவதும் உண்மை. வேட்டை வேண்டுமா வேண்டாமா என்பது வேறு விவாதம். நான் கேட்பது ஒன்றே: காட்டுக்குள் துவக்கோடு நுழைபவனுக்கும் துவக்கின்றி நடப்பவனுக்கும் இடையே, பாதுகாப்பின் பொறுப்பு யாருடையது?

1988 நவம்பர் 15. மேய்ன் மாநிலத்தில் பாங்கோர் நகருக்கு அருகே ஹேர்மன் என்ற சிற்றூர். இரட்டைக் குழந்தைகளின் தாயான 37 வயதுப் பெண் ஒருவர் தமது வீட்டின் பின்வளவுக்குச் சென்றார். கையில் வெள்ளைக் கையுறை. காட்டுக்குள் நின்ற வேட்டைக்காரர் ஒருவர் அவரைச் சுட்டார், அவர் இறந்தார். வெண்வால் மான் மிரளும்போது வாலை உயர்த்தும். அதன் வெள்ளை பளிச்சிடும். தாம் கண்டது மான் என்று சுட்டவர் சொன்னார். குற்றம் சாட்ட முதலாவது பெருஞ்சூரி மறுத்தது. இரண்டாவது பெருஞ்சூரி குற்றம் சாட்டிற்று. 1990 இல் நடந்த வழக்கில் யூரர்கள் அவரை விடுவித்தனர்.

தீர்ப்பைப் பற்றி நான் பேசவில்லை. அதற்கு முன்னர் அந்த ஊரில் எழுந்த பேச்சைப் பற்றியே பேசுகிறேன். "வேட்டைக் காலத்தில் வெள்ளைக் கையுறை அணிந்து வெளியே வரலாமா? செம்மஞ்சள் உடுப்பு அணிந்திருந்தால் உயிரோடு இருந்திருப்பாரே" என்று சிலர் வெளிப்படையாகவே சொன்னார்கள். அவர் அண்மையில்தான் வேறு மாநிலத்திலிருந்து வந்து குடியேறியவர். ஊர் வழக்கம் தெரியாதவர் என்பதும் அவர் மீது வைக்கப்பட்ட குற்றமாயிற்று. தன் சொந்த வளவில், பட்டப்பகலில், தன் கையுறையின் நிறத்துக்காக ஒரு தாய் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டார். அதுவும் இறந்த பின்னர்!

அந்த அநீதியின் பின்னால் ஒரு நன்மையும் விளைந்தது. 1991 இல் மேய்ன் மாநிலம் இலக்கை இனங்காணும் சட்டத்தை இயற்றியது. அதன் சாரம் எளிது. சுடும் அந்தக் கணத்தில் எதிரே இருப்பது தான் தேடிய விலங்குதான் என்று உறுதியாகத் தெரியாமல் எவரும் சுடக்கூடாது. மானைச் சுடுவதாயின் அதன் தலையும் உடலும் மறைவின்றித் தெரியவேண்டும். ஒலியை மட்டும் நம்பிச் சுடுவது விவேகமுள்ள வேட்டைக்காரனின் செயல் அன்று. ஒலியோடு விலங்கின் ஓர் உறுப்புப் போலத் தெரிந்த ஏதோ ஒன்றைச் சேர்த்து நம்புவதும் அவ்வாறே.

இந்தச் சட்டத்தை வாசித்தபோது எனக்குத் தசரதன் நினைவுக்கு வந்தான். ஒலியைக் கேட்டே அம்பெய்யும் வித்தை கைவந்தவன் அவன். குடத்தில் நீர் மொள்ளும் ஒலியை யானை நீர் குடிக்கும் ஒலி என்று கொண்டான். பார்வையற்ற பெற்றோரின் ஒரே மகன் வீழ்ந்தான். கண்ணன் கதையின் முடிவும் அத்தகையதே. அவனுடைய பாதத்தை மான் என்று எண்ணி வேடன் ஒருவன் அம்பெய்தான். நமது இரு பெரும் இதிகாசங்களும் இந்தத் தவற்றை அறிந்திருக்கின்றன. தசரதன் "யானை என்று நினைத்தேன்" என்று சொல்லி அரண்மனைக்குத் திரும்பிவிடவில்லை. அந்த முதியவர்களிடம் சென்று, செய்தவன் நானே என்று சொன்னான், சாபத்தை ஏற்றான். "அந்தப் பிள்ளை இருட்டில் ஏன் ஆற்றுக்கு வந்தான்?" என்று கேட்கும் துணிவு அயோத்தியில் எவருக்கும் இருக்கவில்லை.

சட்டம் வந்ததால் எல்லாம் தீர்ந்ததா? இல்லை. 2017 ஒக்ரோபர் 28, அதே மேய்ன் மாநிலத்தில் உள்ளூர் வாசிகளுக்கான துப்பாக்கிப் பருவத்தின் முதல் நாள். ஹீப்ரன் என்ற ஊரில் 34 வயதுப் பெண் ஒருவர் தமது குடும்பக் காணியில் கற்கள் தேடிக்கொண்டிருந்தார். மான் வேட்டைக்கு வந்தவரின் குண்டுக்கு அவர் பலியானார். 1988 இற்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. இம்முறை சுட்டவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2019 இல் சிறைக்குச் சென்றார். தண்டனை மாதக் கணக்கில்தான். ஆனாலும் எழுவாய் யார் என்பதைச் சட்டம் இம்முறை உரக்கச் சொல்லிற்று.

பலியானவர் மீது பாரத்தை இறக்கிவைக்கும் பழக்கம் எளியவர்களிடம் மட்டும் இருப்பது அன்று. 2006 பெப்ரவரி 11 இல் ரெக்சாஸ் மாநிலத்தில் காடை வேட்டைக்குச் சென்ற அன்றைய அமெரிக்க உப ஜனாதிபதி டிக் செய்னி, தம்முடன் வந்த 78 வயதுச் சட்டத்தரணியின் முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் சன்னங்களைப் பாய்ச்சினார். செய்தி மறுநாள்தான் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றின் ஊடாக உலகுக்குத் தெரியவந்தது. தாம் பின்னால் வருவதை அந்த முதியவர் சத்தமிட்டு அறிவிக்கவில்லை என்பதே முதலில் பரப்பப்பட்ட விளக்கம். சில நாட்களின் பின்னரே, விசையை இழுத்தவர் தாமே, பிறரைக் குறை கூற முடியாது என்று செய்னி தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். மருத்துவமனையிலிருந்து வெளியே வந்த முதியவரோ, செய்னியும் அவரது குடும்பத்தினரும் பட்ட சிரமங்களுக்காகத் தாம் வருந்துவதாகச் சொன்னார். சூடு வாங்கியவர் சுட்டவருக்காக வருந்திய அந்தக் காட்சியை அதிகாரத்தின் இலக்கணத்துக்கு உதாரணமாகப் பாடநூலில் சேர்க்கலாம். கவனிக்க: அவர் செம்மஞ்சள் மேலாடை அணிந்தே இருந்தார்.

அப்படியானால் செம்மஞ்சள் பயனற்றதா? ஒருபோதும் இல்லை. இதில் எனக்கு இரண்டாம் கருத்துக் கிடையாது. மானின் கண்ணில் நிறத்தை உணரும் கலங்கள் இரு வகையே. செம்மஞ்சளையும் பச்சையையும் அது நம்மைப்போல் பிரித்தறியாது. மனிதக் கண்ணுக்கோ அந்த ஒளிரும் நிறம் காட்டின் வேறெந்தப் பொருளோடும் கலவாது. மான் காணாது, மனிதன் காண்பான். இதைவிட மலிவான காப்புறுதி உண்டா? இருந்தும் நியூயோர்க் மாநிலம் 2021 இன் இறுதியில்தான் பெருவிலங்குகளைத் துப்பாக்கியால் வேட்டையாடுவோருக்குச் செம்மஞ்சளையோ இளஞ்சிவப்பையோ கட்டாயமாக்கியது. "என்ன உடுப்பது என்பது என் சுதந்திரம்" என்று அதுவரை வாதிட்டவர்கள் இருந்தனர். துவக்கேந்திய கூட்டத்துக்குள் செல்பவனின் உடுப்பு அவன் சுதந்திரத்தோடு நிற்பதில்லை. அவனைச் சுட்டுவிட்டு ஆயுள் முழுவதும் அதைச் சுமக்கப் போகும் தோழனையும் அது பற்றியது.

ஆனால் ஒரு கோட்டைத் தெளிவாகக் கீற விரும்புகிறேன். வேட்டைக்காரனுக்குச் செம்மஞ்சள் சட்டமாக இருக்கட்டும். காட்டுப் பாதையில் நடப்பவருக்கும், தன் வளவில் விறகு வெட்டுபவருக்கும் அது நல்ல அறிவுரையாக மட்டும் இருக்கட்டும். அறிவுரையைப் பின்பற்றாதவர் மரண தண்டனைக்கு உரியவர் ஆகமாட்டார். பிரான்சின் தென்மேற்கே கால்விஞாக் என்ற ஊரில் 2020 டிசம்பரில் 25 வயது இளைஞர் ஒருவர் வீட்டருகே விறகு வெட்டிக்கொண்டிருந்தபோது, காட்டுப்பன்றி என்று எண்ணிச் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவருக்கு 2023 ஜனவரியில் கிடைத்தது ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை. விறகு வெட்டவும் செம்மஞ்சள் உடுக்கவேண்டும் என்றால், காடு யாருக்குச் சொந்தம்?

"இவையெல்லாம் விதிவிலக்குகள், வேட்டை முன்னரைவிடப் பாதுகாப்பாகிவிட்டது" என்று வேட்டைச் சங்கங்கள் சொல்லும். உண்மைதான். அந்த உண்மையே என் கட்சிக்குச் சாட்சி. விபத்துகள் குறைந்தது கடவுள் இரங்கியதால் அன்று. 1949 இல் நியூயோர்க்கில் தொடங்கி மாநிலம் மாநிலமாகப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. ஒளிரும் உடுப்பு சட்டமாயிற்று. சுட்டவர் பதில் சொல்ல நேர்ந்தது. அதனால் குறைந்தது. விதியாலும் சட்டத்தாலும் குறையக்கூடிய ஒன்றைத் தலைவிதி என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

கனடாவிலும் அமெரிக்காவிலும் வாழும் நம் உறவுகள் பலர் இலையுதிர் காலத்தில் நிறம் மாறும் மரங்களைப் பார்க்கக் குடும்பமாகக் காட்டுப்பக்கம் செல்கிறார்கள். அவர்களுக்குச் சில வார்த்தைகள். புறப்படும் முன்னர் அந்த இடத்தின் வேட்டைப் பருவத்தைக் கேட்டறியுங்கள். வெள்ளையும் மண்ணிறமும் தவிருங்கள். வெள்ளைக் கைக்குட்டையைக்கூட வெளியே எடுக்காதீர்கள். ஒன்ராறியோவில் துப்பாக்கிப் பருவத்தில் மான் வேட்டையாடுவோர் செம்மஞ்சள் மேலாடையும் தொப்பியும் அணியவேண்டும் என்பது சட்டம். நீங்களும் பிள்ளைகளும் அதே நிறத்தில் ஒரு மேலங்கி அணிவதற்கு அதிக பணம் செலவாகாது. நாயை அழைத்துச் சென்றால் அதற்கும் அணிவியுங்கள். விடியற்காலையும் அந்தி வேளையும் மான் நடமாடும் நேரம், கண் ஏமாறும் நேரம். அவ்வேளைகளில் காட்டுக்குள் நிற்காதீர்கள். வேட்டைக்காரரைக் கண்டால் கையசைக்காதீர்கள். அசைவுதான் அவர் தேடுவது. வாய்விட்டுக் கூப்பிடுங்கள், மனிதக் குரல் மானுக்கு இல்லை. மேய்னில் ஞாயிற்றுக்கிழமை வேட்டை தடைசெய்யப்பட்டிருக்கிறது. அத்தடையை அம்மாநில உச்ச நீதிமன்றம் 2024 இல் உறுதிசெய்தது. அத்தகைய நாள் இருக்கும் இடங்களில் அந்த நாளைத் தெரிவுசெய்யுங்கள்.

வேட்டைக்குச் செல்பவர்களுக்கு: துவக்கின் தொலைநோக்கியால் அசைவை ஆராயாதீர்கள். ஆராயும்போதே துவக்கு அந்த மனிதனை நோக்கி நீட்டப்பட்டுவிடுகிறது. அதற்கெனத் தனியே ஓர் இருகண் நோக்கியை எடுத்துச் செல்லுங்கள். இலக்கை மட்டும் அல்ல, இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். றைபிள் குண்டு மானில் நின்றுவிடும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. தவறிய குண்டு சில கிலோமீற்றர் பறக்கும். சுமந்துவரும் மானின் மீது செம்மஞ்சள் துணி ஒன்றைக் கட்டுங்கள். இல்லையேல் உங்கள் தோளில் நகரும் மானை இன்னொருவர் சுடுவார். குடித்திருந்தால் வீட்டில் இருங்கள்.

"நமக்கென்ன, இங்கே மான் வேட்டைப் பருவம் இல்லையே" என்று இலங்கை வாசகர் கேட்கலாம். ஆம், இங்கே பருவம் இல்லை. மான் வேட்டை குற்றம். ஆனால் வன்னிக் காட்டோரத்திலும் கிழக்கிலும் தெற்கிலும் கட்டுத்துவக்கு இருக்கிறது. இடியன் துவக்கின் குழாயைப் போன்ற ஒன்றை மிருகம் நடக்கும் தடத்தில் கட்டி, குறுக்கே நூலை இழுத்துவிட்டு, கட்டியவன் வீட்டுக்குப் போய் உறங்குகிறான். நூலைத் தட்டுவது பன்றியாக இருக்கலாம், மரையாக இருக்கலாம், யானைக்கன்றாக இருக்கலாம், தேன் எடுக்கப் போன ஏழையாகவும் இருக்கலாம். மேய்னில் சுட்டவர் தவறாகவேனும் பார்த்தார். இங்கே பார்ப்பதற்குக் கண்ணே இல்லை. மறுநாள் பத்திரிகையில் வருவது என்ன? "கட்டுத்துவக்கு வெடித்ததில் குடும்பஸ்தர் காயம்." கட்டியவன் அந்த வாக்கியத்தில் இல்லை. பெரும்பாலும் நீதிமன்றத்திலும் இல்லை.

ஆகவே செய்தி எழுதும் இளைய தோழர்களிடம் ஒன்று கேட்பேன். "துவக்கு வெடித்தது" என்று எழுதாதீர்கள். யார் சுட்டார், யார் கட்டினார் என்று எழுதுங்கள். தெரியாவிட்டால், இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்றாவது எழுதுங்கள். பொலிஸாரிடம் அடுத்த கேள்வியைக் கேட்க வாசகனுக்கு அந்த ஒரு சொல் போதும்.