காலம் இப்போதுதான் கெட்டதா?

‘போக்சோவில் கைது’ என்ற செய்தி இல்லாத நாளே இப்போது அபூர்வம். படித்துவிட்டு எங்கள் தெருப் பெண்கள், “காலம் கெட்டுப்போச்சுடி அம்மா” என்பார்கள். எனக்கு ஒரு பதில் தொண்டை வரை வந்து நின்றுவிடும். இன்று எழுதிவிடுகிறேன்.

1977-ல் நாகப்பட்டினம் பக்கம் பெரும் புயல் அடித்ததே, அந்த வருஷம் எனக்கு 9 வயது. திருவையாற்றுக்குப் பக்கத்தில் கிராமம். எங்கள் வீட்டில் பத்தாயம் இருந்த அறை பகலிலும் இருட்டாக இருக்கும். சம்பா அறுப்புக்கு வந்து தங்கும் ஓர் உறவினர் என்னை அங்கேதான் கூட்டிப்போவார். இரண்டு அறுப்பு வரை அது நடந்தது. அம்மாவிடம் அரைகுறையாகச் சொன்னேன். “வாயை மூடு, அப்பா காதுல விழுந்தா கொலை விழும்” என்றாள். அவளை நான் குறை சொல்லவில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் முழுசாக அப்படிச் சொல்லவும் முடியவில்லை.

கல்யாணமாகி வந்த இடமும் நெல் விளையும் ஊர்தான். களத்திலிருந்து மூட்டை வந்து இறங்கும் நாளில் புது நெல் வாசனைக்கு நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும். தலைவலி என்று படுத்துக்கொள்வேன். வீட்டுக்காரர் அதைச் சோம்பேறித்தனம் என்றே நினைத்திருந்தார்.

நாலு வருஷம் முன்பு ஒரு காதுகுத்தில் அதே மனிதர், கிழவராகி, என் பேத்தியை “வாடி, தாத்தா மடியில உக்காரு” என்று கூப்பிட்டார். குழந்தையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். “பெரியவங்ககிட்ட இப்படியா நடந்துக்கிறது அண்ணி?” என்று நாத்தனார் கோபித்துக்கொண்டாள். அன்று ராத்திரி மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “ஏம்மா இத்தனை நாள் சொல்லலை?” என்று அவள் கேட்கவில்லை. என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டாள். 45 வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் மருந்து அதுதான்.

பிறகு அவள்தான் ஒரு செய்தியைத் தேடிப் படித்துக்காட்டினாள். சென்னையில் சிறுமியாக இருந்தபோது உறவினரால் பாதிக்கப்பட்டு, பின்னாளில் கனடாவில் விஞ்ஞானியான ஒரு பெண்மணி, பல வருஷம் கழித்துப் புகார் கொடுக்க முயன்றிருக்கிறார். காலம் கடந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் விடாமல் மத்திய அரசு வரை மனு கொண்டுபோனார். போக்சோ சட்டப்படி புகார் கொடுக்கக் காலவரம்பு கிடையாது, எந்த வயதிலும் சொல்லலாம் என்று 2018-ல் சட்ட அமைச்சகம் விளக்கம் தந்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. போக்சோ அமலுக்கு வந்ததே 2012 நவம்பர் 14-ல்தான். அதற்கு முன் நடந்தவற்றுக்குப் பழைய தண்டனைச் சட்டம்தான். பலாத்காரத்துக்குக் காலவரம்பு இல்லை. ஆனால் மானபங்கத்துக்கு அப்போது 3 வருஷம்தான் கெடு. தாமதத்தை நீதிமன்றம் மன்னிக்கலாம், மன்னிக்காமலும் போகலாம். என் கணக்கில், 12 வயதுக்குள் நான் ஸ்டேஷன் படி ஏறியிருக்க வேண்டும்!

நான் கேஸ் போடவில்லை. அது என் முடிவு. போடுகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிடுவேன். நான் போனது அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு. “பயத்தில் உடம்பு விறைத்து நின்றது சம்மதம் ஆகாதும்மா” என்று அந்த டாக்டரம்மா சொன்னபோது, ஏன் கத்தவில்லை, ஏன் ஓடவில்லை என்று என்னையே நான் திட்டிக்கொண்ட வருஷங்கள் நினைவுக்கு வந்தன. மாத்திரை கொஞ்ச நாள்தான். பேச்சுதான் அதிகம். இப்போது தூக்கம் வருகிறது. நெல் வாசனைக்கு இன்னும் சில நாள் படபடக்கிறது, ஆனால் படுத்துக்கொள்வதில்லை.

மத்திய அரசு 2007-ல் வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டிருக்கிறார்கள். 53 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். ஆண் பிள்ளைகளும் அதில் ஏராளம். செய்தவர்களில் பாதிப் பேர் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரியவர்கள். தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் நம் வீடுகளில் நடக்கவில்லை என்று யாராவது சொல்வார்களா? இன்று செய்தி பெருகியிருக்கிறது என்றால், பிள்ளைகள் வாய் திறக்கிறார்கள், சில தாய்மார்களாவது நம்புகிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

என்னைப் போல உள்ளுக்குள் வைத்துக்கொண்டிருக்கும் அக்கா, தங்கைகள் 14416 என்ற எண்ணுக்கு டெலிமானஸில் பேசலாம். இலவசம், தமிழிலும் பேசுகிறார்கள். குழந்தைகளுக்கு 1098.

ஆசிரியருக்கு: என் பெயரும் ஊரும் வேண்டாம். வீட்டுக்காரருக்கு இப்போதுதான் பாதி சொல்லியிருக்கிறேன்.

— ஒரு வாசகி, தஞ்சை மாவட்டம்