ஐம்பதாயிரம் ரூபாய்க் கோலும் அரைகுறை வாதமும்

தருமபுரியிலிருந்து உதகைக்கு பஸ் ஏறி டிரவுட் பிடிக்க ஆசைப்படும் இளைஞன் பத்தாயிரம் ரூபாய்க்குள் ஒரு ஃப்ளை ராட் வாங்கிக்கொள்ளலாம், அதற்கு மேல் கொட்டத் தேவையில்லை என்று நான் எழுதியதை மறுத்து ஓர் அன்பர் நீண்ட கட்டுரை வரைந்திருக்கிறார். ஐம்பதாயிரத்துக்குக் குறைந்தது கோலே அல்லவாம். மலிவான கோல் கற்பவனின் கையைக் கெடுத்துவிடுமாம். ஈ கட்டி மீன் பிடிப்பது சீமான்கள் வளர்த்த கலையாம், மூங்கில் தூண்டில் ஊர்க்காரர்களுக்கு அது வசப்படாதாம். நல்ல கோல் கிடைத்தால் ஒகேனக்கலில் மஹ்சீர் மீனிடமே சோதித்துப் பார்க்கலாமாம். இதில் முதல் வாதத்தை மூன்றாவது அடித்துப்போடுகிறது, இரண்டாவதை அவரே எடுத்துக்காட்டும் ஆள் கவிழ்க்கிறார், நான்காவது சட்டத்துக்கும் மனசாட்சிக்கும் முன்னால் நிற்கவே லாயக்கற்றது. ஆனாலும் நாலு பேர் படித்து மயங்கக்கூடும் என்பதால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஃப்ளை ராட் என்ன வேலை செய்கிறது என்பதே அன்பருக்குப் பிடிபடவில்லை. நம் ஊர்த் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் தங்கூசியை இழுத்துக்கொண்டு போய் விழும். ஃப்ளை ராடில் முள்ளின் மேல் சுற்றியிருப்பது கொஞ்சம் இறகும் நூலும்தான். அதற்குக் கனமே கிடையாது. கனம் லைனில் இருக்கிறது. பறப்பது லைன், ஈ அதன் நுனியில் தொற்றிக்கொண்டு போகிறது. அதனால்தான் 1961இல் அமெரிக்கத் தூண்டில் கருவி உற்பத்தியாளர்கள் எண்முறை வகுத்தபோது லைனின் முதல் 30 அடி என்ன எடை என்பதை அடிப்படையாக வைத்தார்கள். ஐந்தாம் எண் என்றால் 140 கிரெயின், ஏறத்தாழ 9 கிராம். கோலில் பொறித்திருக்கும் எண், எந்த லைனுக்கு அது வளையும் என்று சொல்கிறதே தவிர, வாங்கியவனின் பணப்பை எவ்வளவு தடிமன் என்று சொல்வதில்லை. அப்படியிருக்க, ஐந்து பக்கக் கட்டுரையில் லைனைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, ஏன்? மட்டமான லைன் மாட்டினால் ஆயிரம் டாலர்க் கோலும் தடுமாறும், நல்ல லைன் மாட்டினால் நூறு டாலர்க் கோலும் ஒழுங்காக வீசும் என்ற உண்மையை அவர் தொட்டால் ஐந்து பக்கமும் அவர் கண்முன்னாலேயே சரிந்துவிடும் என்பதாலா?

மலிவான கோல் கையைக் கெடுக்கும் என்கிறாரே, அதற்கு வருகிறேன். விலை உயர்ந்த கோல்களில் பெரும்பாலானவை விறைப்பானவை, எழுபது எண்பது அடிக்கு லைனை அனுப்பச் செய்யப்பட்டவை. நீலகிரி ஓடைகளின் அகலம் என்ன? சோலை மரங்கள் இரு கரையிலும் கவிந்து நிற்க, இருபது அடிக்குள் ஈயைப் பதமாக இறக்க வேண்டிய இடங்கள் அவை. இருபது அடி லைனுக்கு விறைத்த கோல் வளையாது. வளையாத கோல் கைக்கு எதையும் சொல்லாது. கைக்கு எதுவும் தெரியாதவன் எதைக் கற்பான்? நிதானமாக, நடுப்பகுதி வரை வளையும் கோல்தான் கற்பவனுக்கு ஆசான், அந்த வகைதான் குறைந்த விலையில் தாராளமாகக் கிடைக்கிறது. அதோடு, திறமைக்கு உதாரணமாக அன்பர் யாரைக் காட்டுகிறார்? லீ வுல்ஃபை. கோலே இல்லாமல், வெறுங்கையால் லைனை வீசி அட்லாண்டிக் சால்மனைப் பிடித்துக் காட்டியவர் அவர். ஐம்பதாயிரம் இல்லாமல் கை வராது என்று நிறுவ, கோலையே ஒதுக்கிவைத்தவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றும் தர்க்கத்தை எந்தப் பள்ளியில் படித்தார்?

சீமான்களின் மரபு என்ற வாதம் இன்னும் பரிதாபம். 1653இல் ஐசக் வால்டனின் நூல் வெளிவந்த காலத்தில் இங்கிலாந்துக்காரன் மரக்கொம்பில் குதிரைமயிர் திரித்துக் கட்டித்தான் டிரவுட் பிடித்தான். கார்பன் ஃபைபர் கோல் கடைக்கு வந்ததே 1970களில். நீலகிரியில் வாழும் வானவில் டிரவுட்டோ இங்கிலாந்து மீனே அல்ல, வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்தது. 1860களில் பிரான்சிஸ் டே இங்கிலாந்திலிருந்து டிரவுட் முட்டை கொண்டுவந்து தோற்றார். 1907க்குப் பிறகு எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து, இலங்கையிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்த இனத்தை நிலைபெறச் செய்தார். சென்னை அரசாங்கத்தின் பணத்தில், நம் மக்கள் கட்டிய வரியில், பொரித்த மீன். அதைப் பிடிக்க யாருடைய குலமரபுச் சான்றிதழ் வேண்டும்?

இதே அன்பர் இரண்டு பக்கம் தள்ளி ஜப்பானியரின் டென்காராவைக் கண்ணில் நீர் மல்கப் புகழ்கிறார். டென்காரா என்பது என்ன? ரீல் கிடையாது; நீளக் கோலின் நுனியில் நேரே லைனைக் கட்டி, அதன் முனையில் ஈயைக் கட்டி மலையோடையில் வீசுவது. பென்னாகரத்துப் பையன் மூங்கில் கழியின் நுனியில் தங்கூசி கட்டிக் கெண்டை பிடிக்கிறானே, அந்தக் கருவிக்கும் இதற்கும் அமைப்பில் என்ன பேதம்? ஜப்பான் மலைக்காரன் செய்தால் தத்துவம், காவிரிக் கரைக்காரன் செய்தால் பட்டிக்காட்டுத்தனமா? அந்தப் பையனுக்கு மணிக்கட்டின் அளவும் தெரியும், நீரோட்டத்தை வாசிக்கவும் தெரியும். அவன் கையில் ஒரு நாலாம் எண் கோலைக் கொடுத்தால் அன்பரைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்வான்.

அதியமானின் தகடூராக இருந்த இந்தத் தருமபுரி மண்ணில் நின்றுகொண்டு கருவியின் பளபளப்பைப் பேசுகிறவருக்கு ஔவையை நினைவூட்டத்தான் வேண்டும். புறநானூற்றின் 95ஆம் பாட்டில், மயிற்பீலி சூட்டி நெய் பூசிக் காவலில் வைத்திருந்த தொண்டைமானின் படைக்கலங்களைப் பார்த்துவிட்டு, எங்கள் அதியமானின் வேல்கள் நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று அவர் சொன்ன சொல்லுக்குள் இந்த விவகாரம் முழுவதும் அடங்கிவிடுகிறது. வெல்வெட் உறையில் தூங்கும் கோலுக்குக் கீறல் எப்படி விழும்?

ஒகேனக்கல் யோசனையைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. 20 பாகை வெப்பத்துக்கு மேல் தவித்துப்போகும் டிரவுட்டுக்கென்று செய்த மெல்லிய கோலை, 1946இல் கபினியில் 120 பவுண்டு எடையில் பிடிபட்ட குலத்து மீன் மீது சோதிப்பதா? மெல்லிய கோலில் சிக்கிய பெருமீனை நெடுநேரம் இழுத்தடித்துத்தான் கரை சேர்க்க முடியும்; களைத்துப்போனதை ஆற்றில் திருப்பி விட்டாலும் பிழைக்கும் என்று சொல்வதற்கில்லை. உலகத்திலேயே காவிரி நீரில் மட்டும் வாழும் திமில் மஹ்சீர் 2018இல் மிக அருகிவிட்ட இனமாகப் பட்டியலிடப்பட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரிக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டர் 2022இல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் ஆனது. கரைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தில் தூண்டில் முகாம்களையே வனவிலங்குச் சட்டத்தின் பேரில் நிறுத்தினார்கள். மரபைப் பற்றி உபதேசிப்பவருக்கு இதெல்லாம் தெரியாதா, தெரிந்தும் மறைக்கிறாரா? இரண்டில் எது என்றாலும் இளைஞர்களுக்கு வழிகாட்டும் தகுதி போயிற்று.

ஆயுட்கால உத்தரவாதம் இருக்கிறதே என்பது அவரது கடைசி அம்பு. உடைந்த நுனியைத் தருமபுரியிலிருந்து அமெரிக்காவுக்கு அனுப்பி, திரும்பி வரும்போது சுங்கத்துக்குப் பதில் சொல்லி, கூரியர் கட்டும் செலவில் இங்கே இன்னொரு கோலுக்குப் பாதிப் பணம் தேறும். கட்டுரையின் இறுதிப் பத்தியில் தம் பயிற்சி முகாமுக்கு அழைத்து, கோல்களும் அங்கேயே கிடைக்கும் என்று எழுதியிருப்பதை வாசகர்கள் கவனித்திருப்பீர்கள். முந்தைய பக்கங்கள் எதற்காக எழுதப்பட்டன என்பதற்கு வேறு விளக்கம் தேவையா?

வாங்க நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். ஓடைக்கு எட்டரை அடி, நாலாம் எண். அவலாஞ்சி, எமரால்டு அணை நீருக்கு ஒன்பது அடி, ஐந்தாம் எண். பஸ்ஸில் கொண்டுபோக நான்கு துண்டாகப் பிரிவது நல்லது. துண்டுகளை மாட்டி ஆட்டிப் பாருங்கள், இணைப்பு கடகடத்தால் வேண்டாம். வளையங்களுக்குள் பஞ்சை ஓட்டுங்கள், இழை சிக்கினால் லைனை அறுத்துவிடும். சிறிய டிரவுட்டுக்கு ரீல் லைனைச் சுற்றி வைக்கும் சாமான்தான், அதில் மிச்சம் பிடியுங்கள். மிச்சப்பட்டதை மிதக்கும் நல்ல லைனில் போடுங்கள். மீன்வளத்துறையிடமும் வனத்துறையிடமும் கேட்டு, அனுமதி உள்ள நீரில் மட்டும் வீசுங்கள். பத்தாயிரம் ரூபாய்க் கோல் போதும்.