பக்கத்தில் உட்கார ஓர் ஆள்

பெக்கோக் வட்டாரத் தாய்மார்களே, கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். நம் தாத்தா பாட்டியும் கப்பலேறி வந்தவர்கள்தாம். அன்றைய மலாயாவில் ஆயாக் கொட்டகையிலேயே பள்ளிக்கூடம் நடந்த தோட்டங்கள் உண்டு. கங்காணியோ கிராணியோ வாத்தியார். அரைகுறைப் படிப்புதான், மறுக்கவில்லை. ஆனாலும் ஐக்கிய மலாய் மாநிலங்களில், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்தியாக வேண்டும் என்று 1923இல் சட்டமே இருந்தது.

இன்று நம் நாட்டில் அடைக்கலம் தேடி வந்திருக்கும் ரோஹிங்கியா, சின், இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்தப் பிடிமானம்கூட இல்லை. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை. அரசாங்கப் பள்ளியில் அவர்களுக்கு இடம் கிடைப்பதில்லை. அதனால் அந்தந்தச் சமூகத்தாரே கடைவீட்டு மாடியிலும் வாடகை வீட்டிலும் வகுப்பு நடத்துகிறார்கள்.

தமிழ்நாட்டில் வேறு விதம். 1983 கலவரத்துக்குப் பின் படகேறி வந்த இலங்கைத் தமிழர் பிள்ளைகளை அரசுப் பள்ளிகள் சேர்த்துக்கொண்டன. அதோடு நிற்கவில்லை. சந்திரகாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களிலேயே மாலை வகுப்பு வைத்தது. சொல்லிக் கொடுத்தவர்கள் யார்? அதே முகாமில் படித்த அண்ணன்மாரும் அக்காமாரும்! பள்ளியில் பெயர் பதிந்தால் மட்டும் போதாது, விளக்கடியில் பக்கத்தில் உட்கார ஒருவர் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அப்படியொரு குடும்பம் உங்கள் பக்கத்தில் குடிவந்தால், பழைய பாடநூல்களைப் பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். உங்கள் பிள்ளை வீட்டுப்பாடம் எழுதும் நேரத்தில் அந்தப் பிள்ளையையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். தாயோடும் இரண்டு வார்த்தை பேசுங்கள். பேச ஆளில்லாத வீடு அது.