பாரமும் பராக்கிரமமும்

முக்கொம்பில் காவிரி ஒரு நல்ல காரியம் செய்கிறது. தன்னால் தாங்க முடியாத வெள்ளத்தைக் கொள்ளிடத்திடம் ஒப்படைத்துவிட்டு, மிச்சத்தோடு அடக்கமாக மேலே நடக்கிறது. 1836-ல் ஆர்தர் காட்டன் அங்கே மேலணை கட்டியதும் இந்தப் பங்கீட்டை ஒழுங்கு செய்யத்தான். ஆற்றுக்குத் தெரிந்த இந்த நியாயம், அதன் கரையோரம் ஓடும் கரூர் சாலையில் பாரம் ஏற்றிப் போகிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

கரும்பு விளையும் நம் ஊர்களிலெல்லாம் ஒரு காட்சியைக் காணலாம். டிரெய்லரில் மலைபோல் கரும்பு. முன்னே டிராக்டர், முன்சக்கரம் இரண்டும் அந்தரத்தில் எழும்ப, முக்கி முனகி இழுக்கிறது. "என்ன சக்தி பார்!" என்று வியந்து, அதைக் கைப்பேசியில் படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறோம்.

சக்தியா அது? வண்டியைத் திருப்புவது முன்சக்கரம். அது தரையை விட்டால் ஓட்டுகிறவர் கையில் இருப்பது வெறும் வளையம்தான். பின்னச்சுக்குப் பின்னே கொக்கியில் அழுந்தும் பாரம், ஏற்ற மரம்போல் முன்பக்கத்தைத் தூக்கிவிடுகிறது. முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நசுங்கும், பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பும் என்பது பழைய வண்டிக்காரருக்குப் பாலபாடம். மாட்டுக்குக் காட்டிய இரக்கத்தை மனிதனுக்குக் காட்ட மறந்துவிட்டோம்.

இழுப்பது பெரிதல்ல, ஐயா; நிறுத்துவதுதான் பெரிது. டிரெய்லர்கள் பலவற்றுக்குச் சொந்தமாகப் பிரேக் கிடையாது. இரவில் பின்விளக்கும் கிடையாது. இருட்டில் மோட்டார் சைக்கிளில் வருகிறவன் அந்தக் கரும்புச் சுவரை எப்போது காண்பான்?

"வெட்டிய கரும்பு காய்ந்தால் எடை குறையும், டன் கணக்கில்தானே கூலி?" என்பார்கள். நியாயம்தான். கூடுதல் நடைக்கு விவசாயியும் டிரைவரும் எங்கே போவார்கள்? ஆகவே அவர்களை மட்டும் வைவது கோழைத்தனம். அளவுக்கு மீறிய பாரத்துக்கு 20,000 ரூபாயும், அதற்குமேல் டன்னுக்கு 2,000 ரூபாயும் அபராதம் என்று 2019-ல் சட்டம் திருத்தினார்கள். அந்தச் சட்டம் சாலையோரத்தில் யாரைத் தேடிக்கொண்டு நிற்கிறது? ஆலை வாசலில் எடைமேடை இருக்கிறது. ஒவ்வொரு வண்டியின் பாரமும் அங்கே சீட்டில் பதிவாகிறது. குற்றத்துக்குச் சாட்சி சொல்லும் சீட்டைக் கொடுத்துவிட்டு, அதே கையால் கரும்பையும் வாங்கிக்கொள்கிறார்கள்!

மீறிய பாரத்தை வாங்க மாட்டோம், இரண்டாம் நடைக்கு வாடகை நாங்கள் தருகிறோம் என்று ஆலைகள் சொல்லட்டும். மறுநாளே முன்சக்கரங்கள் தரைக்கு இறங்கிவிடும்.